மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறோம். ஆட்டோவுக்குப் பேசுகிறோம். ஜவுளிக்கடையில் 'ஒரே விலை' என்று போர்டு தொங்கினாலும், 'பார்த்துப் போடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்காமல் நகர்வதில்லை. ஒரு முழம் மல்லிகைக்காகப் பூக்காரம்மாவின் முழங்கையையே சந்தேகத்தோடு அளக்கிற ஜனங்கள் நாம். இப்பேர்ப்பட்ட நாம், எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் பர்ஸைத் திறக்கிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. எது என்று உங்களுக்கே தெரியும். வாரப் பத்திரிகையைப் பிரித்தால் சாவைப் பற்றியா என்று முகம் சுளிக்காதீர்கள். நான் பேசப்போவது பில்லைப் பற்றி. பி.காம். படித்தவனுக்கு வேறு என்ன வரும்?

என் சித்தப்பா பேத்தியைப் பார்க்க அமெரிக்கா போனார். ஆறு மாச விசா. நாலாவது மாசம், நியூஜெர்சியில், காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு போன் வந்தபோது இங்கே ராத்திரி. சித்தப்பா பையன் அழவெல்லாம் இல்லை. 'அண்ணா, இங்க என்ன பண்ணணும்னே தெரியலை' என்றான். அவ்வளவுதான்.

ஒரு லேப்டாப் வாங்க ஏழு வெப்சைட்டை ஒப்பிட்டுப் பார்க்கிற பையன் அவன். அன்றைக்கு, ஆஸ்பத்திரி நர்ஸ் நீட்டிய லிஸ்ட்டில் முதலில் இருந்த ஃப்யூனரல் ஹோமுக்குப் போன் போட்டான். வீட்டிலிருந்து பத்து நிமிஷம். வெள்ளை பெயின்ட் அடித்த அழகான வீடு, வாசலில் புல்தரை, உள்ளே கார்ப்பெட், மங்கலான விளக்கு, எட்டுகிற தூரத்தில் எல்லாம் டிஷ்யூ டப்பா. ஃப்யூனரல் ஹோம் என்பதை நாம் 'சாவு வீடு' என்று மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஆனால் நம்மூர் சாவு வீடு செத்தவர் வாழ்ந்த வீடு. அங்கே அது கடை.

கோட்டு போட்ட ஒரு மனிதர், ரொம்ப மரியாதையாக, ஒரு ஃபைலைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு பக்கத்து ரூமுக்கு அழைத்துப்போனார். அங்கே பதினாலு சவப்பெட்டிகள். இவன் ஒன்றைக் காட்டினான். நல்ல மரம், உள்ளே வெள்ளை சாட்டின். 2,300 டாலர். எரிக்கப்போகிற உடம்புக்கு! மொத்த பில் ஒன்பதாயிரத்தைத் தொட்டது. மூன்றாம் நாள், சாம்பல் வீட்டுக்கு வந்த பிறகு, அந்த ஃபைலைப் பிரித்திருக்கிறான். விலைப்பட்டியல். மூன்றாம் பக்கத்தில், 'தகனத்துக்கு மாற்றுப் பெட்டி' என்று ஒரு வரி. அட்டைப் பெட்டி. விலை நூற்றுச் சொச்சம்.

'அந்த ஆள் பொய் சொல்லலைண்ணா. அட்டைப் பெட்டி கிடையாதுன்னு சொல்லவே இல்ல. நான்தான் கேக்கலை.'

இந்த வாக்கியம் என்னைப் படுத்திய பாட்டில்தான், திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கி அலமாரியில் செருகியிருந்த ஒரு புத்தகத்தை இறக்கினேன். ஜெசிகா மிட்ஃபோர்டு எழுதிய 'தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்'. 1963-ல் வந்தது. அமெரிக்க ஃப்யூனரல் ஹோம்களை நடுத்தெருவில் நிறுத்திக் கணக்குக் கேட்ட புத்தகம். அவர் கையில் அந்த ஃபைல் இருந்திருந்தால், சித்தப்பா பையன் தப்பித்திருப்பானா? இந்த ஒரு கேள்வியோடுதான் படித்தேன்.

அம்மணியைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பெண். ஒரு அக்கா ஹிட்லரின் பக்தை. இன்னொரு அக்கா, பிரிட்டிஷ் பாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்டு மோஸ்லியைக் கட்டிக்கொண்டவர். இவரோ கம்யூனிஸ்ட்! அந்த வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி ஜீரணமாகும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவுக்கு வந்து, ராபர்ட் ட்ரூஹாஃப்ட் என்ற வக்கீலை இரண்டாவதாக மணந்தார். தொழிற்சங்கங்களுக்காக வழக்காடுகிற வக்கீல். அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தொழிலாளி செத்தால் குடும்பத்துக்கு யூனியன் மூலம் ஒரு தொகை வரும். இழவுச் செலவு பில்லும் எப்படியோ கிட்டத்தட்ட அதே தொகைக்கு வரும். ஒவ்வொரு தடவையும். விதவைக்கு மிச்சம் பூஜ்யம். கணக்கு தெரிந்தவனுக்கு இதைவிடப் பெரிய துப்பு வேண்டுமா? செலவைப் பார்த்து விலை போடவில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து விலை போடுகிறார்கள். புத்தகத்தின் விதை அதுதான்.

இந்தக் கடை எப்படி முளைத்தது என்பதும் சுவாரஸ்யமான கதை. 19-ம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் அமெரிக்காவிலும் சாவு வீட்டில்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் குளிப்பாட்டி, கூடத்தில் கிடத்துவார்கள். மேஜை நாற்காலி செய்கிற தச்சரே பெட்டியும் அடித்துக் கொடுப்பார். மரச்சாமான் கடைக்காரர் பெட்டி விற்று, குதிரை வண்டியும் வாடகைக்கு ஏற்பாடு செய்து, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு 1861-ல் உள்நாட்டுப் போர். எங்கோ தெற்கே செத்த பையனை வடக்கே இருக்கிற அம்மாவிடம் சேர்க்கவேண்டும். ரயிலில் நாள் கணக்கில் வரவேண்டும். தாமஸ் ஹோம்ஸ் என்பவர் ரத்தக் குழாயில் ரசாயனம் ஏற்றி உடம்பைக் கெடாமல் வைக்கிற வித்தையைச் செய்து காட்டினார். லிங்கனின் நண்பர் கர்னல் எல்ஸ்வொர்த்தின் உடல் அப்படித்தான் பதப்படுத்தப்பட்டது. போர் முடிவதற்குள் நாலாயிரம் பேருக்குச் செய்தேன் என்று பின்னாளில் ஹோம்ஸே சொல்லிக்கொண்டார். தொழில் செய்கிறவர் சொந்த வாயால் சொல்கிற எண்ணிக்கை. நான் பத்து சதவிகிதம் கழித்துக்கொள்வேன்.

1865-ல் லிங்கனே சுடப்பட்டார். பதப்படுத்திய உடலை வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு, சுமார் 1,650 மைல், ஊர் ஊராக நிறுத்தி நிறுத்தி ரயிலில் கொண்டுபோனார்கள். மூன்று வருஷம் முன்னால் இறந்துபோன அவருடைய சின்னப் பையன் வில்லியின் பெட்டியும் அதே ரயிலில் போனது. லட்சக்கணக்கான பேர் வரிசையில் நின்று ஜனாதிபதியின் முகத்தைப் பார்த்தார்கள். எம்பாமிங்குக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் யாரும் கொடுத்திருக்க முடியாது.

அங்கே ஆரம்பித்தது நூறு வருஷத்தில் எங்கே போய் நின்றது என்பதைத்தான் மிட்ஃபோர்டு சிரிக்கச் சிரிக்க எழுதுகிறார். ஆமாம், சிரிக்கச் சிரிக்க. இழவு காத்த கதையைப் படித்து நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். செத்தவருக்கென்றே செய்த ஷூ. உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபோம் மெத்தை வைத்த பெட்டி (யாருக்கு இடுப்பு வலி?). பிணத்தைக் கிடத்தும் அறைக்கு 'துயில் அறை' என்று பெயர். வெட்டியெடுத்து வார்த்தைகளையே அடக்கம் செய்திருக்கிறார்கள். நாம் மட்டும் என்ன, 'அமரர் ஊர்தி', 'சொர்க்க ரதம்' என்று வேனில் எழுதிக்கொண்டுதானே போகிறோம்.

பெட்டிகள் வைத்திருக்கும் ரூமைப் பற்றிய பகுதியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். எது முதலில் கண்ணில் படவேண்டும், வாடிக்கையாளர் எந்தப் பக்கம் திரும்புவார், எங்கே கொண்டுபோய் நிறுத்தினால் நடுத்தர விலைக்கு மேலே ஒன்றைக் காட்டுவார் என்று அந்தத் தொழிலின் பாடப்புத்தகங்களே வரைபடம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததை எடுத்துக் காட்டுகிறார். மலிவான பெட்டிகளுக்கு வேண்டுமென்றே பார்க்கச் சகிக்காத கலரில் பெயின்ட். வேறு கலர் இருக்கிறதா என்று கேட்கிறவனுக்குத்தான் வேறு கலர் கிடைக்கும். புடவைக் கடையில் தரைத்தளத்தில் என்ன துணி, மூன்றாம் மாடியில் என்ன துணி என்று யோசித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் புடவை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். அப்பாவை அந்தக் கட்டடத்துக்குள் விட்டுவிட்டு அடுத்த கடைக்கு எப்படிப் போவது?

எம்பாமிங் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு அத்தியாயம். கத்தி, குழாய், ஊசி, மெழுகு, பவுடர் என்று ஒன்று விடாமல். முதலில் புத்தகத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த பதிப்பாளர்கள், இதை எடுத்துவிடலாமே என்றார்கள். அம்மணி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு பதிப்பகத்துக்குப் போய்விட்டார். வெளிவந்ததும் விற்பனைப் பட்டியலில் முதலிடம். எடுக்கச் சொன்ன அந்தப் பகுதிதான் பிற்பாடு அமெரிக்கக் கல்லூரிப் பாடநூல்களில் கட்டுரை எழுதுவதற்கு மாதிரியாகச் சேர்க்கப்பட்டது. புத்தகம் வந்து மூன்று மாசத்தில் கென்னடி சுடப்பட்டார். அண்ணனுக்குப் பெட்டி தேர்ந்தெடுக்கும்போது மிட்ஃபோர்டின் புத்தகம் ஞாபகத்துக்கு வந்ததாக ராபர்ட் கென்னடி பின்னால் சொல்லியிருக்கிறார். நாட்டின் அட்டர்னி ஜெனரலே விலையைப் பற்றி யோசித்தார் என்றால் பாருங்கள்.

இந்தப் புத்தகம் மூட்டிய கோபம் அடங்காமல் இருந்து, கடைசியில் சட்டமாக வந்தது. 1984-லிருந்து 'ஃப்யூனரல் ரூல்' என்று மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. உள்ளே வந்து விசாரிக்கிறவர் கையில் அச்சடித்த விலைப்பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். எரிப்பதற்கு விலையுயர்ந்த பெட்டி கட்டாயம் என்று சொல்லக் கூடாது. சில விசேஷ சந்தர்ப்பங்கள் தவிர எம்பாமிங்கைச் சட்டம் கேட்பதில்லை என்பதையும் எழுதியே தரவேண்டும். ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு பலன் கிடைத்தது என்றால், எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் பொறாமைப்படலாம். விதி இருப்பதாலேயே எல்லாரும் நடந்துவிடுகிறார்களா என்றால் இல்லை. ஆணையத்து ஆட்களே வாடிக்கையாளர் மாதிரி 250-க்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போன் போட்டுச் சோதித்து, 2024 ஜனவரியில் 39 இடங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். விலை இறங்கியதா? அதுவும் இல்லை. 2023-ல், முகம் பார்க்க வைத்து அடக்கம் செய்ய நடுத்தரச் செலவு 8,300 டாலர் என்கிறது அந்தத் தொழிலின் சங்கமே. மிட்ஃபோர்டு எழுதியதில் பெரிதாக மாறியது ஒன்றுதான். 1960-ல் அமெரிக்காவில் நூற்றுக்கு நாலு பேரைக்கூட எரிக்கவில்லை. இன்று சுமாராக அறுபது பேர்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். சித்தப்பா பையனுக்கு மிட்ஃபோர்டு வாங்கிக் கொடுத்த பட்டியல் கிடைத்தது. முதல் ஐந்து நிமிஷத்திலேயே கிடைத்தது. மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். கோட்டுக்காரர் விதியை மீறவில்லை. பொய் சொல்லவில்லை. இருந்தும் 2,300 டாலர் மரம் அடுப்புக்குப் போனது. ஏன்?

இங்கேதான் எனக்கும் புத்தகத்துக்கும் தகராறு.

மிட்ஃபோர்டின் உலகத்தில் இரண்டே பேர். ஏமாற்றுகிறவன், ஏமாறுகிறவன். ஏமாறுகிறவன் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் முழித்துக்கொள்வான் என்பது அவர் நம்பிக்கை. குற்ற உணர்ச்சியைப் பற்றியும் எழுதத்தான் செய்கிறார். ஆனால் அது எப்போதும் விற்பவன் கையிலிருக்கிற தூண்டில். வாங்குகிறவனுக்குள் அது தானாகவே இருக்கும், யாரும் தூண்டாமலே செலவு செய்யச் சொல்லும் என்பது அவர் கணக்கில் வரவே இல்லை. 'அப்பா மூணாவது மாசமே ஊருக்குப் போறேன்னார்ணா. நான்தான் பொங்கல் முடிஞ்சு போலாம்னு டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன்' என்றான் அவன். பெட்டி விலையைக் கேட்காததற்குக் காரணம் அந்த ஏர் டிக்கெட். அவனை யாரும் ஏமாற்றவில்லை. அவன் கொடுக்கவேண்டும் என்று கொடுத்தான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஈவ்லின் வா என்ற ஆங்கில நாவலாசிரியர், இதே அமெரிக்கச் சுடுகாட்டு ஆடம்பரத்தைக் கிண்டலடித்து 1948-லேயே 'தி லவ்டு ஒன்' எழுதியவர். அவர் மிட்ஃபோர்டின் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதியபோது, எல்லாம் சரி, மரணத்தைப் பற்றி இந்தம்மாவின் நிலைப்பாடு என்ன என்று தெரியவில்லையே என்று குறைப்பட்டார். மிட்ஃபோர்டு தன் அக்கா நான்ஸி மூலமாகப் பதில் சொல்லி அனுப்பினார்: நான் மரணத்துக்கு எதிரானவள் என்று! பிரமாதமான பதில். கைதட்டலாம். கைதட்டி முடித்த பிறகு, பதில் சொல்லாமல் நழுவிவிட்டார் என்பது உறைக்கும்.

1955-ல், மிட்ஃபோர்டின் பத்து வயசுப் பையன் நிக்கலஸ் பஸ் மோதி இறந்துபோனான். அதற்கு முன்பே, முதல் கல்யாணத்தில் பிறந்த பெண் குழந்தையை அம்மைக்குக் கொடுத்தவர். பையன் போய் எட்டு வருஷம் கழித்து வந்தது இந்தப் புத்தகம். அதில் அவனைப் பற்றி, நான் தேடிப் பார்த்த மட்டும், ஒரு வரி இல்லை. 1977-ல் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோதும் அவனைச் சொல்லவில்லை. அழவில்லையே என்று ஒரு தாயைக் குறை சொல்வது அசிங்கம். அதை நான் செய்யவில்லை. அவரவர் துக்கம் அவரவர் பூட்டிக்கொள்வது. ஆனால் அந்த ஒரு அறையைப் பூட்டிவிட்டு எழுதியதால், ஃப்யூனரல் ஹோமுக்குள் கால் வைக்கிற ஒவ்வொரு ஆளும் கண் வறண்டு, கால்குலேட்டரோடு வருகிறவர் மாதிரி புத்தகத்தில் ஆகிவிட்டது. நடக்கிற காரியமா?

ஆனால் அதே புத்தகத்தில் ரொம்பப் பேர் பேசாத ஒரு பகுதி உண்டு. அமெரிக்காவில் சில ஊர்களில், இன்னும் சாகாதவர்கள் சங்கம் மாதிரி சேர்ந்துகொண்டு, எளிமையான அடக்கத்துக்கு முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொண்டார்கள். ட்ரூஹாஃப்ட் தங்கள் பகுதியில் அப்படி ஒன்றில் மும்முரமாக இருந்தவர். செத்த பிறகு பட்டியல் கொடுப்பதைவிட இது நூறு மடங்கு புத்திசாலித்தனம். பேரத்தை, அழாதபோது முடித்துவிடுவது.

நம் கிராமங்களில் இதற்கு வேறு ஏற்பாடு இருந்தது. என் தாத்தா போனபோது நான் ஆறாவது படித்தேன். கும்பகோணம் பக்கம். திண்ணை ஓரமாக ஒன்றுவிட்ட மாமா ஒருத்தர் மஞ்சப்பையும் நாற்பது பக்க நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். பாடைக்கு மூங்கில், பறையடிக்கிறவர்களுக்கு, விறகுக்கு, எல்லாம் அந்தப் பையிலிருந்து. 'அதென்ன அம்பது ரூவா, நாப்பது வாங்கிக்க' என்று அதட்டலும் அவரே. கொள்ளி போடவேண்டிய அப்பா பணத்தையே தொடவில்லை. பதினாறு முடிந்த மறுநாள் நோட்டைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். ஒரு ரூபாய் உதைக்கவில்லை.

அதே அப்பா சென்னையில் ஃபிளாட்டில் இறந்தபோது மஞ்சப்பைக்காரர் யாரும் இல்லை. ஃப்ரீசர் பாக்ஸ், வேன், ஷாமியானா, பூ என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். பட்டியல் கிடையாது, பில் கிடையாது. ஐஸ் பெட்டிக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ்.

மிட்ஃபோர்டு 1996-ல் இறந்தார். சொன்னபடியே சடங்கு இல்லாத தகனம், கடலில் சாம்பல். மொத்தச் செலவு 533 டாலர் 31 சென்ட். சில்லறை வரைக்கும் தெரிகிறது பாருங்கள். அவர் திருத்தி எழுதிக்கொண்டிருந்த புதிய பதிப்பு 1998-ல் வந்தது, அதையும் படித்தேன். கம்பெனிகள் பெரிதாகியிருக்கின்றன, கிண்டல் அப்படியே இருக்கிறது.

புத்தகத்தை முடித்த சூட்டோடு, சித்தப்பா பையன் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்த பில்லைப் பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். பெட்டி, சுழித்தேன். எம்பாமிங், சுழித்தேன். 'உடை உடுத்தித் தயார் செய்தல், 300 டாலர்.' முன்னூறா? பெரிசாகச் சுழித்தேன். சித்தி ஊருக்குத் திரும்பியதும் பார்க்கப் போனபோது அந்தத் தாளையும் கொண்டுபோனேன். அடுத்தவருக்காவது உபயோகப்படட்டும், எழுதப்போகிறேன் என்றேன்.

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். என் சிவப்பு வட்டங்களில் விரலை வைத்துக்கொண்டே வந்தவள், முன்னூறில் நின்றாள்.

'இது வேட்டி கட்டிவிட்டதுக்குடா. நாங்க போறதுக்கு முன்னாடியே கட்டி வச்சிருந்தான், அங்க வேலை பாக்கற பையன். இருவது இருவத்திரெண்டு வயசிருக்கும், வெள்ளைக்காரன். யூட்யூபைப் பாத்து கட்டினேன், சரியா இருக்கான்னு என்னண்ட வந்து கேட்டான். கொசுவம்தான் கொஞ்சம் கோணலா இருந்துச்சு. நான் சரி பண்ணிவிட்டேன். வாய்க்கரிசி போடறப்ப அந்தப் புள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓரமா நின்னான்.'

தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, 'மத்ததெல்லாம் எழுதிக்கோ' என்றாள். காபி போட உள்ளே போனாள்.